முப்பது மில்லி பாட்டில் மூணு

என் மருமகள் ஜெயப்பிரியா கல்யாணப் பெண்களுக்கு மேக்கப் போடுகிறவள். பரமத்தி வேலூர் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே மாடியில் ஒரு ரூம் பிடித்து, ஆள் உயரக் கண்ணாடி மாட்டி, போர்டு வைத்திருக்கிறாள். அந்தத் தொழில் எனக்கு ஆரம்பத்திலிருந்தே பிடிக்காது. இருக்கிற மூஞ்சி மேலே இன்னொரு மூஞ்சி எழுதுவதற்கு ஒரு கடையா என்று அவளிடமே கேட்டேன்.

"லாரிக்கு மட்டும் வருசா வருசம் பெயிண்ட் அடிச்சு, பொட்டு வச்சு, முன்னால குஞ்சம் கட்டி உட்டீங்களே மாமா, அது எதுக்குங்க?" என்றாள்.

இருபத்தெட்டு வருசம் நாமக்கல் லாரியில் வடக்கே ஓடினவன் நான். என்னிடம் லாரியைப் பற்றிப் பேசுகிறாள். அன்றிலிருந்து ஒரே வீட்டில் இருந்தும் தேவைக்கு மேல் எங்களுக்குள் ஒரு வார்த்தை கிடையாது. மகன் தனபால் போர்வெல் போடுகிற ரிக் வண்டியோடு மத்தியப் பிரதேசத்தில் கிடக்கிறான். என் பொண்டாட்டி கண்ணாத்தாள் மருமகள் கட்சி. அதனால் நடுவில் நின்று சமாதானம் பேச ஆளும் இல்லை.

இப்படிப்பட்ட நாங்கள் இரண்டு பேரும் ஒன்றாக மலேசியாவுக்கு ஏரோப்ளேன் ஏற வேண்டி வந்தது.

என் தம்பியின் பேத்தி அபிநயாவுக்குக் கல்யாணம். மாப்பிள்ளையின் அப்பாவுக்கு வாரம் மூன்று நாள் டயாலிசிஸ், அந்த ஊரை விட்டு நகர முடியாது. அதனால் கல்யாணம் அங்கேயே என்று முடிவாகி, பெண்ணும் அவள் பெற்றவர்களும் பத்து நாள் முன்னாலேயே போய்விட்டார்கள். எங்கள் பக்கத்தில் கல்யாணத்தை ஐயர் நடத்துவதில்லை. பிள்ளைகுட்டி பெற்று, பொண்டாட்டி உயிரோடு இருக்கிற மூத்தவன் ஒருத்தனுக்கு முறைப்படி சடங்கு செய்து அருமைக்காரர் ஆக்கி வைத்திருப்பார்கள். அவன்தான் முன்னால் நின்று எல்லாச் சீரும் செய்ய வேண்டும். எங்கள் வகையறாவில் அது நான். நான் போகாவிட்டால் தாலி ஏறாது.

ஜெயப்பிரியா போகாவிட்டால் என்ன ஆகும்? அதையும் சொல்லத்தான் வேண்டும்.

அபிநயாவுக்கு வெண்படை. வலது கன்னத்தில் ஒரு திட்டு, கழுத்தில் ஒன்று, வலது கை முழங்கையிலிருந்து விரல் வரைக்கும். ஒட்டிக்கொள்கிற நோய் இல்லை, வலி இல்லை, தோல் வெளுத்திருக்கிறது, அவ்வளவுதான். மாப்பிள்ளைக்குத் தெரியும், அவன் வீட்டில் எல்லாருக்கும் தெரியும். தெரிந்த பிறகு எதற்கு மூடுவது, யாரை ஏமாத்த என்று நான் கேட்டேன்.

"யாரையும் ஏமாத்த இல்லீங்க அப்பாரு," என்றாள் அபிநயா. எங்கள் பக்கத்தில் தாத்தாவை அப்படித்தான் கூப்பிடுவார்கள். "இருபத்தஞ்சு வருசமா எல்லாரும் என் கையைப் பார்த்துட்டுத்தான் என்னைப் பார்க்கறாங்க. அன்னிக்கு ஒரு நாள் முதல்ல என்னைப் பார்க்கட்டும்."

முறை எதுவானாலும் அபிநயா அக்கா என்றே கூப்பிடுகிற ஜெயப்பிரியா அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "தாலி கட்டி முடிஞ்சு நீ மேடையை உட்டு எறங்கற வரைக்கும் ஒருத்தர் கண்ணுலயும் படாது அம்முணி, இது என் பொறுப்பு," என்றாள்.

அதற்காக மூன்று மாசம் கலக்கினாள். ஐந்து டியூபிலிருந்து துளித் துளியாக எடுத்து, அபிநயாவின் கையில் தடவி, வெயிலில் நிறுத்திப் பார்ப்பாள், டியூப் லைட்டில் பார்ப்பாள், போனில் படம் எடுத்துப் பார்ப்பாள். காய்ந்தால் ஒரு நிறம், ஈரத்தில் ஒரு நிறம். பிடிக்காவிட்டால் துடைத்துவிட்டு மறுபடி. கடைசியில் ஒரு நாள் கண்ணாத்தாளைக் கூப்பிட்டு, "அத்தை, எந்த எடம் வெள்ளைன்னு சொல்லுங்க பார்க்கலாம்," என்றாள். கண்ணாத்தாள் கண்ணாடி போட்டுப் பார்த்தும் சொல்ல முடியவில்லை. நானும் எட்டிப் பார்த்தேன். எனக்கும் தெரியவில்லை. அதை வெளியே சொல்லவில்லை.

"இன்னொரு தடவை இதே கலரைக் கலக்கச் சொன்னா எனக்கே வராதுங்க அத்தை," என்றாள். அந்தக் கலவை மொத்தமும் ஒரு இருநூறு மில்லி பாட்டிலில் பாதிக்கும் குறைவாக இருந்தது.

கிளம்புவதற்கு முந்தின நாள் மத்தியானம் கட்டில் மேலே எல்லாவற்றையும் பரப்பி வைத்து அடுக்கினாள். பெரிய சூட்கேஸ் ஒன்று, கையோடு கொண்டு போகிற பை ஒன்று. தலைக்கு அடிக்கிற ஸ்பிரே, மேக்கப்பைக் கழுவுகிற தண்ணீர், கத்தரிக்கோல், இதெல்லாம் சூட்கேஸில். உடைகிற பவுடர் டப்பா, பிரஷ், லிப்ஸ்டிக் கைப்பையில். பிறகு ஒரு ஜிப் வைத்த கண்ணாடிக் கவரை எடுத்தாள். ஊசி இல்லாத சிரிஞ்சால் அந்தக் கலவையை உறிஞ்சி, முப்பது மில்லி பாட்டில் மூன்றில் ஊற்றி, மூடி, ஒன்று இரண்டு மூன்று என்று நம்பர் ஒட்டினாள். ஒரு சொட்டு கீழே சிந்தவில்லை. அதைக் கைப்பையில் வைத்தாள்.

வாசப்படியில் நின்று வெற்றிலை போட்டுக்கொண்டே பார்த்தேன். "ஒண்ணா இருந்ததை எதுக்கு மூணா ஊத்தறே?"

"ரூல்ஸுங்க மாமா."

"யாரு ரூல்ஸு?"

"ஏரோப்ளேன்காரன் ரூல்ஸு." நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

அதோடு பேச்சு முடிந்தது. அவள் நின்று விளக்கியிருந்தால் நான் கேட்டிருப்பேனா? மாட்டேன். அதையும் மறைக்க வேண்டியதில்லை.

எனக்குப் பட்டது வேறு. நான் வண்டி ஓடின காலத்தில் இந்தூர் போகிற வழியில் டீசல் தட்டுப்பாடு வந்தது. முதலாளி கூடுதல் டீசலைப் பத்து லிட்டர் கேன் மூன்றில் பிடித்துக் கொடுத்தார். கிளீனர் ஒன்றை வழியிலேயே விற்றுவிட்டான். ஒன்றில் பாதி எடுத்துவிட்டுத் தண்ணீர் கலந்துவிட்டான். பழி என் தலையில். வேலை போய், எட்டு மாசம் வீட்டில் உட்கார்ந்திருந்தேன். அதற்கப்புறம் நான் எதையும் பிரித்துக் கொண்டு போனதில்லை. ஒரே கேன். எண்ணெய் எது வரைக்கும் நிற்கிறதோ அங்கே ஆணியால் ஒரு கோடு. மூடி மேலே கருப்பு டேப் மூன்று சுற்று. எவன் தொட்டாலும் தெரிந்துபோகும்.

கோடும் இல்லாமல் டேப்பும் இல்லாமல் மூன்று சின்னப் பாட்டில். ஒன்று காணாமல் போனால் யாரைக் கேட்பது? ஏர்போர்ட் முழுக்க எவனெவனோ பையைப் பிரிக்கிறான் என்று டிவியில் பார்த்திருக்கிறேன்.

சாயங்காலம் அவள் தைக்கக் கொடுத்த ரவிக்கையை வாங்கக் கடைக்குப் போனாள். கண்ணாத்தாள் கொல்லைப்புறம் இருந்தாள். நான் கவரை எடுத்தேன். மூன்று பாட்டிலையும் ஒவ்வொன்றாகக் கவிழ்த்துப் பெரிய பாட்டிலிலேயே திருப்பி ஊற்றினேன். கெட்டியான சாமான், இறங்க நேரம் ஆனது. கடைசிச் சொட்டு வரைக்கும் தட்டி இறக்கினேன். ஆணியை எடுத்து நல்லாக் கீறினேன். மூடியில் டேப் சுற்றினேன். கவரில் வைத்து, எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டேன். காலிப் பாட்டில் மூன்றையும் மோட்டார் சுவிட்ச் பக்கத்து ஜன்னலில் வைத்தேன். தையல் மெஷின் எண்ணெய் டப்பா ஒழுகிக்கொண்டிருந்தது, அந்த எண்ணெயை ஒன்றில் ஊற்றி வைத்தேன். நல்ல பாட்டில், வீணாகக் கூடாது.

அவள் மேல் பாசத்தில் இதைச் செய்தேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். நம்ம வீட்டுச் சரக்கு நம்ம வீட்டு மானம், அவ்வளவுதான்.

மறுநாள் வாடகைக் காரில் திருச்சி போனோம். கரூர் தாண்டுகிற வரைக்கும் அவள் ஒரு பேச்சு பேசவில்லை, நானும் பேசவில்லை. டிரைவர்தான் பாவம், எங்கள் இரண்டு பேரையும் கண்ணாடியில் மாறி மாறிப் பார்த்துக்கொண்டே வந்தான்.

ஏர்போர்ட்டில் சூட்கேஸை வாங்கிக்கொண்டு ஒரு துண்டுச் சீட்டை ஒட்டிக் கொடுத்தார்கள். சூட்கேஸ் ரப்பர் பெல்ட்டில் ஏறி ஒரு பொந்துக்குள் போனது.

"அந்தப் பக்கம் யாரு நிக்கறான்?" என்று கவுண்டர் பெண்ணைக் கேட்டேன்.

"எங்க ஆளுங்கதான் சார்."

"பேரு என்ன?"

அவள் சிரித்தாள். ஜெயப்பிரியா, "மாமா, வாங்க," என்றாள். என் மஞ்சள் பையையும் போடலாம் என்று சொன்னார்கள். நான் கொடுக்கவில்லை. பாஸ்போர்ட்டில் முத்திரை குத்தினார்கள். அதற்கப்புறம்தான் பையையும் ஆளையும் சோதிக்கிற இடம்.

அவளுடைய கைப்பை மெஷினுக்குள் போய், மறுபக்கம் வராமல் தனியே ஒதுங்கியது. காக்கிச் சட்டை போட்ட ஒரு பெண், "இது யாருதுங்க?" என்றாள்.

"என்னுதுங்க மேடம். மேக்கப் சாமான். லிக்விட் எல்லாம் கவர்ல இருக்குது, எல்லாமே நூறு மில்லிக்கு உள்ளதான்." ஜெயப்பிரியா தைரியமாகத்தான் சொன்னாள்.

காக்கிப் பெண் கவரைத் தூக்கிக் காட்டினாள். "இது இருநூறு மில்லி பாட்டிலாச்சேம்மா."

ஜெயப்பிரியா அந்தப் பாட்டிலைப் பார்த்தாள். கருப்பு டேப்பைப் பார்த்தாள். ஆணிக் கோட்டைப் பார்த்தாள். பிறகு மெதுவாகத் திரும்பி என்னைப் பார்த்தாள்.

"மூணு பாட்டில் எங்கீங்க?"

"ஊட்ல இருக்குது. பத்திரமாத்தான் இருக்குது."

"ஊட்லயா!"

நான் காக்கிப் பெண்ணிடம் போனேன். "இதா பாரு கண்ணு, பாட்டில் பெருசா இருந்தாலும் உள்ளே பாதி கூட இல்ல. கோடு போட்டிருக்கேன் பாரு. தொண்ணூறுதான் இருக்கும்."

"உள்ள எவ்வளவு இருக்குன்னு நாங்க அளக்கறதில்லைங்கய்யா. பாட்டில் அளவுதான் கணக்கு. நூறுக்கு மேல பாட்டில் உள்ள போகாது."

"அப்போ காலி டேங்கர் வந்தாலும் லோடுன்னு புடிச்சு நிறுத்துவியா?"

"டேங்கர் இந்தப் பக்கம் வராதுங்கய்யா."

பின்னால் வரிசையில் யாரோ சிரித்தான். திரும்பி முறைத்தேன்.

ஜெயப்பிரியா என்னைத் தள்ளிவிட்டு முன்னால் வந்தாள். நிஜமாகவே தோளில் கை வைத்துத் தள்ளினாள். "மேடம், இதைத் திரும்பக் கொண்டு போய்ச் சூட்கேஸோட போடலாமுங்களா?"

"முத்திரை குத்தியாச்சும்மா. அதை ரத்து பண்ணிட்டு வெளிய போகணும். அதுக்குள்ள கவுண்டர் மூடிருவாங்க. இதை விட்டுட்டுப் போங்க, இல்லைன்னா சின்னப் பாட்டில் இருந்தா மாத்திக்குங்க. இந்தப் பக்கம் பாத்ரூம் இருக்கு. பத்து நிமிஷம் தரேன்."

சின்னப் பாட்டில்! நான் மடியைத் துழாவினேன். சுண்ணாம்பு டப்பாவை எடுத்து நீட்டினேன். "இதைக் கழுவிட்டு..."

"சுண்ணாம்பு டப்பாவுலயா? அவ கன்னம் வெந்து போகட்டும்னா?"

தைல பாட்டிலை எடுத்தேன். அதை அவள் பார்க்கக்கூட இல்லை.

"ஒண்ணும் பண்ணாதீங்க மாமா. கையைக் கட்டிக்கிட்டு அந்த நாற்காலியில உக்காருங்க. அதுதான் நீங்க இன்னிக்குப் பண்ற உதவி."

கவரில் அவளுடைய சொந்தச் சாமான் இருந்தது. மூஞ்சிக்கு முதலில் தடவுகிற முப்பது மில்லி பாட்டில் ஒன்று, அதைவிடச் சின்னதாக ஒரு க்ரீம் டப்பா. இரண்டையும் எடுத்துக்கொண்டு பாத்ரூமுக்கு ஓடினாள். உள்ளே இருந்த விலை உயர்ந்த சரக்கைக் கொட்டிவிட்டு, கழுவி, துடைத்துக்கொண்டு வந்தாள். அங்கேயே மேஜை ஓரத்தில் நின்று சிரிஞ்சால் உறிஞ்சி ஊற்றினாள். நேற்று ஒரு சொட்டு சிந்தாதவள் இன்றைக்கு மேஜையெல்லாம் சொட்டவிட்டாள். கன்னத்தில் தண்ணீர் வழிந்துகொண்டே இருந்தது, துடைக்கவில்லை. நான் எழுந்து பாட்டிலைச் சாய்த்துப் பிடிக்கப் போனேன்.

"எட்ட நில்லுங்க."

நின்றேன்.

இரண்டும் நிரம்பிப் பாதிச் சரக்கு பாட்டிலில் மிச்சம் நின்றது. காக்கிப் பெண் ஒரு பெரிய பிளாஸ்டிக் தொட்டியைக் காட்டினாள். அதற்குள் ஷாம்பு, செண்டு, ஊறுகாய், தேங்காய் எண்ணெய் என்று ஒரு மளிகைக் கடையே கிடந்தது. ஜெயப்பிரியா என் டேப்பும் என் கோடுமாக அந்தப் பாட்டிலைப் போட்டாள்.

"இதையெல்லாம் சாயங்காலம் யாரு எடுத்துக்குவாங்க?" என்று காக்கிப் பெண்ணைக் கேட்டேன்.

"யாரும் எடுக்க மாட்டாங்கய்யா. அழிச்சிருவாங்க."

"அழிக்கிறதை யாரு பார்க்கறா?"

"மாமா!" என்று ஜெயப்பிரியா போட்ட சத்தத்தில் அந்த வரிசையே திரும்பிப் பார்த்தது. என் வீட்டில் என்னை யாரும் அப்படிச் சத்தம் போட்டது இல்லை. போய் அந்த நாற்காலியில் உட்கார்ந்துகொண்டேன்.

ஏரோப்ளேனில் பக்கத்துப் பக்கத்து சீட்டு. ரொம்ப நேரம் அவள் ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்குப் பொறுக்கவில்லை. இந்தூர் கதையைச் சொன்னேன். கேன், கிளீனர், எட்டு மாசம், எல்லாம் சொன்னேன். கேட்டு முடித்துவிட்டு என் பக்கம் திரும்பினாள்.

"எவனோ ஒரு கிளீனர் முப்பது வருசத்துக்கு முன்னால டீசல் திருடுனான். சரி. அதுக்கு அபிநயா எதுக்குங்க மாமா கையைக் காட்டிக்கிட்டு நிக்கணும்?"

நான் சீட் பெல்ட்டை அவிழ்த்து மறுபடி மாட்டினேன்.

"தொண்ணூறு மில்லி ஏன் கொண்டு வந்தேன் தெரியுமுங்களா? மூஞ்சிக்கும் கழுத்துக்கும் ஒரு தடவை பூசுனாப் போதும். கை அப்படி இல்ல. உங்க சீர்ல அஞ்சு நிமிசத்துக்கு ஒரு தடவை கையில தண்ணி ஊத்தறீங்க, பால் ஊத்தறீங்க, மஞ்சள் தொடச் சொல்றீங்க. ஒவ்வொரு தடவையும் போயிரும். ஒவ்வொரு தடவையும் நான் பூசணும். மூணாம் நம்பர் பாட்டில் கைக்கு மட்டும்."

"அதை நேத்தே சொல்றதுக்கென்ன?"

"நேத்து நீங்க கேட்டீங்களா, அதட்டுனீங்களா?"

அதோடு காதில் ஒயரை மாட்டிக்கொண்டாள்.

போய் இறங்கியதும் கடை கடையாக அலைந்தாள். ஐந்து டியூபில் மூன்றுதான் அங்கே கிடைத்தது. கலந்து பார்த்தாள், செங்கல் நிறத்தில் வந்தது. வாஷ்பேசினில் கொட்டினாள். ரிசப்ஷனுக்கு எண்ணி எண்ணிப் பூசினாள். பெண் சேலைத் தலைப்பைக் கை மேல் போட்டுக்கொண்டு நின்றாள், சமாளித்துவிட்டார்கள்.

முகூர்த்தத்தன்று காலையில் மணவறைக்குப் பின்னால் ஒரு ரூமில் பெண்ணைத் தயார் செய்துகொண்டிருந்தாள். சீர்த் தட்டு எடுக்கப் போனவன் கதவுக்கு இந்தப் பக்கம் நின்றுவிட்டேன்.

"அம்முணி, ஒண்ணு சொல்லோணும். கைக்குப் பத்தாது. ரெண்டு தடவை பூசலாம், அதுக்கு மேல இல்ல. கணக்குத் தப்பிப் போச்சு. என் தப்புதான்."

"பரவால்லீங்க அக்கா" என்றோ "ஐயோ" என்றோ அபிநயா சொல்லவில்லை.

என் தப்பை ஜெயப்பிரியா எடுத்துக்கொண்டாள். எனக்கு அது பிடிக்கவில்லை. அவளிடம் நான் எதுக்கும் கடமைப்பட்டு நின்றதில்லை. சொந்தக்காரர் கூட்டத்தில், மாமாதான் கெடுத்தார் என்று அவள் தமுக்கடித்திருந்தால் பதிலுக்கு நாலு வார்த்தை நானும் பேசியிருப்பேன். இதற்கு என்ன பேசுவது?

சீர் ஆரம்பித்தது. பெண் கையில் தண்ணீர் விட்டோம். முதல் பூச்சு போனது. ஜெயப்பிரியா குனிந்துகொண்டே மேடைக்கு வந்து பஞ்சால் ஒற்றிவிட்டுப் போனாள். தாரை வார்த்தார்கள். இரண்டாவது பூச்சும் போனது. திரும்பிப் பார்த்தேன். மேடை ஓரத்தில் காலிப் பாட்டிலைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள். தாலி ஏறியது. அடுத்தது கைகோர்வை. மாப்பிள்ளை கையையும் பெண் கையையும் சேர்த்துப் பிடித்து, பட்டுத் துணியால் கட்ட வேண்டியது என் வேலை. முன்னூறு பேர் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். போட்டோக்காரன் காமிராவைக் கொண்டு வந்து கைக்குப் பக்கத்தில் வைத்தான்.

அபிநயா கையை நீட்டினாள். விரல் நுனியிலிருந்து வளையல் வரைக்கும் வெளுத்து, ஈரத்தோடு இருந்தது. ஓரத்தில் மட்டும் கலவை திட்டுத் திட்டாக ஒட்டிக்கொண்டிருந்தது. அது பூசாமல் இருந்ததைவிடக் கேவலமாகத் தெரிந்தது. முன்வரிசையில் ஒரு பொம்பளை பக்கத்துப் பொம்பளை காதில் என்னமோ சொன்னாள். இரண்டு பேர் கண்ணும் கையில்.

நான் பட்டுத் துணியை விரித்து, கட்டுவதற்குப் பதில் முழங்கை வரைக்கும் இழுத்து மூடினேன்.

"ஐயா, கை மறையுது, துணியைக் கொஞ்சம் ஏத்திப் புடிங்க," என்றான் போட்டோக்காரன்.

"கை தெரியாட்டி கண்ணாலம் ஆகாதா? போடா அக்கட்ட!"

"ஐயா, இந்தப் படம்தான் ஆல்பத்துல முதல்ல..."

"உன் ஆல்பத்தைக் கொண்டு போய்..."

"அப்பாரு." அபிநயா உதடு அசையாமல் பேசினாள். முகத்தில் சிரிப்பு அப்படியே இருந்தது, குரலில் இல்லை. "சண்டை போடாதீங்க."

"அந்தச் சரக்கைக் கெடுத்தது நான்தான் சாமி," என்றேன். "உங்கக்கா இல்ல."

"தெரியும். உங்க ஊட்டு ஜன்னல்ல மூணு பாட்டில் கெடக்குதுன்னு பெரியாத்தா அங்கிருந்து நேத்தே போன் பண்ணிட்டாங்க. அக்கா ஒரு வார்த்தை சொல்லல."

மாப்பிள்ளை ஒன்றும் புரியாமல் எங்கள் இரண்டு பேரையும் பார்த்தான். நான் துணியை இன்னும் கொஞ்சம் இழுத்தேன். அவள் கையை உதறினாள். சின்ன உதறல், வெளியே யாருக்கும் தெரிந்திருக்காது. துணி மணிக்கட்டுக்கு இறங்கியது.

"கட்டறதைக் கட்டுங்க அப்பாரு. மறைக்கிறது அக்கா வேலை. உங்க வேலை இல்ல."

கட்டினேன். எத்தனையோ கல்யாணத்தில் கட்டின முடிச்சு, அன்றைக்கு இரண்டு தடவை நழுவியது. காமிரா வெளிச்சம் அடித்தது. அவள் நிமிர்ந்து நேராகப் பார்த்துச் சிரித்தாள். அந்தப் படம்தான் ஆல்பத்தில் முதலில் இருக்கிறதாம். நான் பார்க்கவில்லை.

திரும்பி வரும்போது ஜெயப்பிரியா எல்லாப் பையிலும் பூட்டுப் போட்டாள். கவுண்டரில், "நாங்க ரெண்டு பேரும் தனித்தனி. சீட்டும் தனித்தனியாப் போடுங்க," என்று சொன்னாள். எனக்கு நடுவில் ஒரு சீட்டு, அவளுக்கு எட்டு வரிசை முன்னால். திருச்சியிலிருந்து வீடு வருகிற வரைக்கும் டிரைவர் பக்கத்து சீட்டில் உட்கார்ந்தாள்.

வீட்டுக்கு வந்த மறுநாள் அவள் கடைக்குப் போன பிறகு, அந்த மூன்று பாட்டிலையும் எடுத்தேன். எண்ணெய் ஊற்றினதைக் கவிழ்த்தேன். சுடுதண்ணீரில் சோப்புப் போட்டு, குச்சியில் துணி சுற்றி உள்ளே விட்டு, நாலு தடவை கழுவினேன். வெயிலில் காய வைத்தேன். நம்பர் ஒட்டினது கிழிந்திருந்தது, அதை நேராக நீவி ஒட்டினேன். சாயங்காலம் அவள் அலமாரியில் வரிசையாக வைத்துவிட்டு வாசப்படியில் போய் உட்கார்ந்துகொண்டேன்.

அவள் வந்தாள். அலமாரியைத் திறந்தாள். ஒவ்வொன்றாக மூடியைக் கழற்றி மோந்து பார்த்தாள். மூன்றையும் கொண்டு வந்து, என்னைத் தாண்டிப் போய், குப்பைக் கூடையில் போட்டுவிட்டு உள்ளே போய்விட்டாள்.

எனக்குக் கோபம்தான் வந்தது. நாலு தடவை கழுவியிருக்கிறேன், அதைக்கூட நம்பாமல் மோந்து பார்க்கிறாள் என்று எழுந்து போய்க் கூடையிலிருந்து எண்ணெய் ஊற்றி வைத்திருந்த பாட்டிலை எடுத்தேன். மூடியைக் கழற்றி மூக்கில் வைத்தேன்.

மெஷின் எண்ணெய் வாசம் இருக்கத்தான் இருந்தது. திரும்பக் கூடையிலேயே போட்டேன்.